யாழினியின் மைலோ டின்

ஆயர் ஈத்தாம் குடும்பம் (வாட்ஸ்அப் குழு)

கவிதா: பத்து பெரிங்கி கடற்கரையில் பொறுக்கிய கல், சிப்பி எல்லாவற்றையும் யாழினி மைலோ டின்னில் போட்டுக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறாள். ஒரே எறும்பு. நாளை குப்பையில் போட்டுவிடுவேன்.

குமரன்: தங்கச்சி, போடாதே! பிள்ளையிடமும் இதைக் காட்டு.

குமரன்: 2020 மே மாதம். இங்கிலாந்தில் சாமர்செட் பக்கம் புளூ ஆங்கர் கடற்கரை. ரூபி என்ற 11 வயதுப் பிள்ளை அப்பாவோடு போயிருக்கிறாள். முதலில் அப்பா கண்ணில் ஓர் எலும்புத் துண்டு பட்டது. அதைவிடப் பெரிய துண்டு சேற்றில் பாதி புதைந்து கிடந்ததைப் பார்த்தவள் ரூபிதான்.

சரோஜா அக்கா: என்ன எலும்பு தம்பி? திமிங்கிலமா?

குமரன்: இக்தியோசர் அக்கா, டைனோசர் காலத்துக் கடல் விலங்கு. பார்க்க மீன் மாதிரி இருக்கும், ஆனால் ஊர்வன. மூச்சு விட நீருக்கு மேலே வந்தாக வேண்டும். கிடைத்தது கீழ்த்தாடையின் பின்பக்கத்து எலும்பு. துண்டுகளைச் சேர்த்தால் அது ஒன்றே 2 மீட்டருக்கு மேல். நம் வீட்டுக் கதவு அளவு!

கவிதா: அப்போ முழு உடம்பு?

குமரன்: முழு எலும்புக்கூடு கிடைக்கவில்லை. உறவு இனங்களின் தாடையோடு ஒப்பிட்டு, சுமார் 25 மீட்டர் இருக்கலாம் என்கிறார்கள். ரேபிட் பஸ் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தியது போல. எலும்பின் உள்ளமைப்பைப் பார்த்தால், சாகும்போதும் அது வளர்ந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

குமரன்: 2016-இல் அதே கடலோரத்தில் லில்ஸ்டாக் என்ற இடத்தில் வேறொருவர் எடுத்த தாடையும் இதே வடிவம். இரண்டும் ஒத்துப்போனதால்தான் புது இனம் என்று சொல்ல முடிந்தது. 2024-இல் இக்தியோடைட்டன் செவர்னென்சிஸ் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பக்கத்துச் செவர்ன் ஆற்று முகத்துவாரத்தின் பெயர்தான். ஆய்வுக் கட்டுரை எழுதியவர்கள் வரிசையில் ரூபி பெயரும் இருக்கிறது, கவிதா.

கவிதா: மாமா, நான் யாழினி. அம்மா போன். என் கல்லுக்குள் எலும்பு இருக்குமா? ஒன்று மின்னுது.

குமரன்: மின்னுவது அப்பிரகம், செல்லம். பினாங்குத் தீவின் பாறை பெரும்பாலும் கருங்கல். பூமிக்கு அடியில் பாறைக்குழம்பு இறுகி வந்தது, அதில் எலும்பு தங்காது. ஆனால் அதுவும் ஏறக்குறைய 20 கோடி ஆண்டுப் பழசு. ரூபியின் இக்தியோசர் அங்கே நீந்திய காலத்தை ஒட்டித்தான் உன் கையில் இருக்கும் கல்லும் இறுகியது.

கவிதா: 😮😮😮

சரோஜா அக்கா: நம் நாட்டில் எங்கேயும் கிடைக்காதா தம்பி?

குமரன்: கிடைக்கும் அக்கா. லங்காவி, பெர்லிஸ் பக்கம் பழைய கடற்படிவுப் பாறைகளில் டிரைலோபைட் என்ற பழங்காலக் கடலுயிரியின் புதைபடிவம் இருக்கிறது. பகாங்கில் டைனோசர் பல் கிடைத்ததை 2014-இல் மலாயாப் பல்கலைக்கழகம் அறிவித்தது. யாழினி, ஒவ்வொரு கல்லுக்கும் எங்கே, எந்தத் தேதியில் எடுத்தாய் என்று எழுதி வை. இடம் தெரியாவிட்டால் கல் எதையும் சொல்லாது.

கவிதா: அண்ணா, டின்னைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன். சிப்பிகளையும் ஊறவைத்திருக்கிறேன். எழுதி ஒட்ட என் பழைய கணக்கு நோட்டைக் கிழித்துக்கொண்டிருக்கிறாள்.

கவிதா: மாமா, யாழினிதான். மூன்று கல் எங்கே எடுத்தேன் என்று மறந்துபோச்சு. நாளை கூட்டிப் போவீங்களா?

குமரன்: காலை 7 மணிக்கு வாசலில் நிற்பேன். பசியாறிவிட்டுப் போவோம்.