லியோ வராட்கர் அயர்லாந்துப் பிரதமர் ஆனது எப்படி? மும்பைத் தொடர்பு எவ்வளவு உண்மை?

செம்பூர்வாசி (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். என் பெண் பரேலில் நர்ஸாக இருக்கிறாள், டப்ளினில் வேலை கிடைத்து அடுத்த மாதம் கிளம்புகிறாள். எங்கள் வீட்டில் அயர்லாந்து போகும் முதல் ஆள் இவள்தான், அதனால் எனக்கு ராத்திரியில் தூக்கமே இல்லை. அவளோடு டியூட்டி பார்க்கும் மால்வண் பக்கத்துப் பெண் ஒருத்தி, "எங்க ஊர்க்காரர் அந்த நாட்டுக்கே பிரதமரா இருந்தவர், மும்பை கேஇஎம் ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுத்த டாக்டர், நீ ஏன் பயப்படறே"ன்னு சொன்னாளாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வாட்ஸ்அப்பில் ஒருவர் அவர் மும்பையில் பிறந்தவர் என்கிறார், இன்னொருவர் மக்கள் ஓட்டே போடாமல் கட்சி உட்காரவைத்த ஆள் என்கிறார். எது சரி? வெளியிலிருந்து போன குடும்பத்துப் பிள்ளை அங்கே அவ்வளவு மேலே வர முடிந்ததா, இல்லை ஏதோ அதிர்ஷ்டமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாண்டுப் தமிழன்

அக்கா, பிறந்தது மும்பையில் இல்லை. 1979 ஜனவரி 18, டப்ளின். அப்பா அசோக் வராட்கர்தான் மும்பைக்காரர், டாக்டர். பூர்வீகம் சிந்துதுர்க் மாவட்டம் மால்வண் தாலுகாவில் இருக்கும் வராட் கிராமம். நம் பக்கத்து வீட்டு மராட்டியர்கள் ஊர்ப் பெயரோடு 'கர்' சேர்த்துக்கொள்வார்களே, அதே கணக்குதான் வராட்கர். தமிழ்ப் பத்திரிகைகளில் வரத்கர், வராத்கர் என்றெல்லாம் எழுதுவதால் இது யாருக்கும் பிடிபடுவதில்லை. அம்மா மிரியம் ஐரிஷ்காரர், வாட்டர்ஃபோர்டு பக்கத்து நர்ஸ். (உங்கள் பெண்ணிடம் சொல்லுங்கள், அவளுக்குப் பிடிக்கும்!) இங்கிலாந்தில் வேலை பார்த்த இடத்தில் இரண்டு பேரும் சந்தித்துக் கல்யாணம் செய்துகொண்டு, கொஞ்ச நாள் இந்தியாவிலும் இருந்துவிட்டு 1973-ல் டப்ளினில் குடியேறினார்கள்.

கேஇஎம் விஷயம் உண்மை. டிரினிட்டி கல்லூரியில் மருத்துவம் படித்தவர், பயிற்சிக் காலத்தில் இங்கே பரேலில் கொஞ்ச நாள் இருந்திருக்கிறார். 2019 டிசம்பர் கடைசியில், பிரதமராக இருக்கும்போதே, குடும்பத்தோடு வராட் கிராமத்துக்கும் வந்துபோனார்.

முலுண்டு திரும்பியவன்

நான் ஆறு வருஷம் டப்ளின் மேற்குத் தொகுதியில், பிளாஞ்சர்ட்ஸ்டவுனில் இருந்தவன். அவருடைய சொந்தத் தொகுதி அது, அதனால் இதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அதிர்ஷ்டம் என்று சொல்பவர்கள் 1999-ஐப் பார்க்க வேண்டும். அப்போது அவருக்கு 20 வயசு, காலேஜ் மாணவர். உள்ளாட்சித் தேர்தலில் நின்றார், கிடைத்தது 380 ஓட்டு, தோற்றுப்போனார். நம்மூரில் அதோடு ஆளைக் காணமாட்டோம். இவர் படிப்பையும் விடவில்லை, கட்சியையும் விடவில்லை. 2003-ல் ஃபிங்கல் கவுன்சிலில் (அந்தப் பகுதி உள்ளாட்சி மன்றம்) காலியான இடத்துக்குக் கட்சி நியமித்தது. அடுத்த வருஷமே தேர்தலில் நின்று 4,894 முதல் விருப்ப ஓட்டு (சீட்டில் அவர் பெயருக்கு 1 என்று எழுதிய ஓட்டு) வாங்கினார். ஐந்தே வருஷத்தில் 380-லிருந்து 4,894 என்றால் அது வாசல் வாசலாக ஏறி இறங்காமல் வராது. அங்கே வேட்பாளர் ஒலிபெருக்கியோடு வண்டியில் கும்பிட்டபடி போவதில்லை, சாயங்காலம் மழையில் நனைந்துகொண்டு பெல் அடித்து, நின்று பேசிவிட்டுத்தான் போவார்.

2007-ல் எம்பி. 2011-ல் போக்குவரத்து, 2014-ல் சுகாதாரம், 2016-ல் சமூகப் பாதுகாப்பு என்று வரிசையாக அமைச்சர் பதவி. 2017-ல் அப்போதைய பிரதமர் எண்டா கென்னி விலகியதும் அவர்கள் இருவரின் கட்சியான ஃபைன் கேலில் தலைவர் போட்டி வந்தது. வாட்ஸ்அப் கதை இங்கேதான் தொடங்குகிறது, அதில் பாதி உண்மை இருக்கிறது. சாதாரணக் கட்சி உறுப்பினர்களில் 65 சதவீதம் பேர் எதிரில் நின்ற சைமன் கோவ்னிக்குத்தான் ஓட்டுப் போட்டார்கள். ஆனால் அந்தக் கட்சி விதிப்படி நாடாளுமன்ற உறுப்பினர்களின் ஓட்டுக்கு 65 சதவீத எடை, உறுப்பினர்களுக்கு 25, கவுன்சிலர்களுக்கு 10. நாடாளுமன்றக் குழுவில் 51 பேர் வராட்கர் பக்கம், 22 பேர் கோவ்னி பக்கம். ஜூன் 2-ல் தலைவர், 14-ல் பிரதமர், வயசு 38. அங்கே பிரதமரை டீஷக் என்பார்கள், நம்மைப் போலவே சபையில் பெரும்பான்மை காட்டினால் போதும், மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. அதனால் 'உட்காரவைத்த ஆள்' என்பது நியாயமில்லாத பேச்சு.

நர்ஸ் சயான்

தொழில்காரியாக நான் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். சவிதா ஹலப்பன்னவரை மறந்துவிட்டு அயர்லாந்தைப் பற்றிப் பேச என்னால் முடியாது. பெலகாவிப் பெண், பல் டாக்டர், 31 வயசு. 2012-ல் கால்வே மருத்துவமனையில் 17 வார கர்ப்பம் கலைய ஆரம்பித்தபோது, கருவின் இதயம் துடிக்கும்வரை ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள். செப்சிஸில் (உடம்பு முழுக்கப் பாதிக்கும் கடுமையான தொற்று) இறந்தார். அந்த நாட்டு அரசியலமைப்பின் எட்டாவது திருத்தம் தாய்க்கும் கருவுக்கும் சம உயிருரிமை என்று எழுதிவைத்திருந்ததன் விளைவு அது. வராட்கர் தொடக்கத்தில் கருக்கலைப்பை எதிர்க்கும் பக்கம் நின்றவர். சுகாதார அமைச்சரானதும் அந்தத் திருத்தம் மிகவும் கடுமையானது என்று வெளியில் சொன்னார், பிரதமராகி 2018 மே 25-ல் பொது வாக்கெடுப்பு நடத்தி, தானே நீக்கும் பக்கம் பிரச்சாரம் செய்தார். 66 சதவீதத்துக்கு மேல் ஆதரவு. டாக்டராக இருப்பவர் மனம் மாறி அதை மறைக்காமல் சொன்னதுதான் எனக்கு அவரிடம் பெரிய விஷயம்.

இன்னொன்று, 2015-ல் தன் 36-வது பிறந்த நாளன்று தான் தன்பாலின ஈர்ப்பாளர் என்று ரேடியோ பேட்டியில் சொன்னார். நாலு மாசத்தில் தன்பாலினத் திருமண வாக்கெடுப்பு வந்து 62 சதவீதத்தில் ஜெயித்தது. கொரோனா வந்த 2020 மார்ச்சில் மருத்துவர் பதிவேட்டில் மறுபடி பெயர் சேர்த்து, வாரம் ஒரு ஷிஃப்ட் போனில் நோயாளிகளிடம் பேசினார்.

செம்பூர்வாசி

நன்றிம்மா, சவிதா பற்றிப் படித்ததும் கை நடுங்கிவிட்டது. சட்டம் மாறிவிட்டது என்று தெரிந்ததே பெரிய நிம்மதி. ஆனால் இவ்வளவு செய்தவர் ஏன் பாதியில் விலகினார்?

முலுண்டு திரும்பியவன்

எல்லாம் நல்லதாகவே சொன்னால் பொய்யாகிவிடும், அக்கா. வாடகை ஏறிக்கொண்டே போனது, வீடு கிடைக்காமல் மூன்று பேர் ஒரே அறையில் நானே இருந்திருக்கிறேன். 2020 தேர்தலில் அந்தக் கோபம்தான் வெடித்தது. கட்சிக்கு 35 சீட்டுதான், மூன்றாவது இடம். பிரதமரான அவரே தொகுதியில் ஓட்டு எண்ணிக்கையின் முதல் சுற்றில் பின்தங்கி, மற்றவர்களின் அடுத்த விருப்ப ஓட்டுகள் சேர்ந்து ஐந்தாவது சுற்றில்தான் தேறினார். அப்புறம் ஃபியானா ஃபாயில், பசுமைக் கட்சி இரண்டோடும் கூட்டணி, பிரதமர் பதவி சுழற்சி. முதலில் ஃபியானா ஃபாயில் தலைவர் மைக்கேல் மார்ட்டின், 2022 டிசம்பர் 17-லிருந்து மறுபடி இவர். 2024 மார்ச்சில் குடும்பம், பராமரிப்பு பற்றி அரசியலமைப்பை மாற்றக் கேட்ட இரண்டு பொது வாக்கெடுப்புகளும் தோற்றன, 20-ம் தேதி தானாகவே விலகுகிறேன் என்று அறிவித்தார். இந்தப் பதவிக்கு இனி நான் பொருத்தமான ஆள் இல்லை என்பதுதான் அவர் பேச்சின் சாரம். யாரும் பிடித்துத் தள்ளவில்லை. ஏப்ரலில் அவர் கட்சியின் சைமன் ஹாரிஸ் பிரதமராக வந்தார்.

உங்கள் பெண்ணுக்கு ஒரு விஷயம். அங்கே உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுப் போடக் குடியுரிமை வேண்டாம், 18 வயசாகி அங்கே குடியிருந்தால் போதும். 2019 மே மாதம் இந்திய பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு நான் போட்டேன். ஒரு ஸ்கூல் வகுப்பறை, தடுப்புக்குள் கயிற்றில் கட்டிய பென்சில், நீளமான சீட்டு. பிடித்தவருக்கு 1, அடுத்தவருக்கு 2 என்று எழுத வேண்டும். இத்தனை வருஷம் மும்பையில் இருந்தும் பட்டனைத் தவிர எதையும் தொட்டதில்லை, அன்றைக்கு எண் எழுதும்போது அவ்வளவு நிதானமாக எழுதினேன். போய் இறங்கி முகவரியும் அரசு அடையாள எண்ணும் கிடைத்ததும் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கச் சொல்லுங்கள். அடுத்த உள்ளாட்சித் தேர்தல் 2029-ல்.