'நாக் ஆஃப்': வேலை முடிப்பதா, விலை குறைப்பதா?

கேள்வி
லண்டன் அலுவலக மெயில்களில் 'நாக் ஆஃப்' அடிக்கடி வருகிறது. 'வீ நாக் ஆஃப் அட் ஃபைவ்', 'கேன் யூ நாக் டென் பவுண்ட்ஸ் ஆஃப்?', 'நாக் இட் ஆஃப்!' மூன்றும் ஒன்றா? 'தட்டிவிடு' என்று அர்த்தம் வைத்தால் எதுவும் பொருந்தவில்லை. மேலாளரிடம் சொல்லலாமா?

பதில் 1
மூன்றும் வேறு வேறுங்க.

முதலாவது, அன்றைய வேலையை முடித்துக் கிளம்புவது. 17ஆம் நூற்றாண்டிலேயே புழங்கிய பொருள். 'நாக் ஆஃப் வொர்க்' என்றும் சொல்லலாம். 'நாக் வொர்க் ஆஃப்' என்று பிரிக்கக் கூடாது. வேலையை விட்டுவிட்டதாக நினைத்துவிடாதீர்கள், மறுநாள் வந்துவிடுவார்கள்.

இரண்டாவது, விலைக் குறைப்பு. தொகையை நடுவில் வையுங்கள். 60 பவுண்டு பொருள் 50க்கு வரும். 10க்குக் கிடைக்கும் என்று படிப்பவர்கள் இருக்கிறார்கள், தப்பு.

மூன்றாவது, 'போதும், நிறுத்து!' 'இட்' கட்டாயம் நடுவில்தான். 'நாக் ஆஃப் இட்' கிடையாது. பேச்சில் 'நாக்கிடாஃப்' என்று ஒரே சொல்லாக விழும், அதனால் பலருக்குக் காதில் பிடிபடுவதில்லை. சண்டை போடும் பிள்ளைகளிடமும் சீண்டும் நண்பர்களிடமும் சொல்வது. மேலாளரிடம் வேண்டவே வேண்டாம்.

முதல் இரண்டையும் அவரிடம் பேச்சில் தாராளமாகச் சொல்லலாம். கடிதம் என்றால் 'ஃபினிஷ்', 'ரெட்யூஸ்' போதும்.

பதில் 2
'தட்டு' என்பதை விட்டுவிட்டு 'தள்ளு' என்று பிடியுங்கள். விலையில் தள்ளுபடி, ஒரு மணி நேரத்தில் கட்டுரையை எழுதித் தள்ளுவது, துப்பறியும் கதையில் ஆளைப் போட்டுத் தள்ளுவது: மூன்றுக்கும் ஆங்கிலத்தில் 'நாக் ஆஃப்' வரும். நம் 'தள்ளு' ஒன்றே அத்தனையும் சுமக்கிறது, எவ்வளவு அழகு!

பதில் 3
பெயர்ச்சொல்லாக 'நாக்-ஆஃப்' என்றால் டூப்ளிகேட். பிராண்டட் கைப்பையின் மலிவு நகல் மாதிரி. அப்போது அழுத்தம் 'நாக்' மேல். பிரிட்டனில் 'நாக்ட் ஆஃப்' டிவி என்றால் நகல் அல்ல, திருட்டு டிவி.
'நாக் அப்' வேறு. பிரிட்டனில் அவசரமாகச் சமைப்பதற்கும் சொல்வார்கள், அமெரிக்காவில் கர்ப்பமாக்குவது. கவனம்.

கேட்டவர்
நன்றிங்க. 'ஐ நாக்ட் ஆஃப் தி ரிப்போர்ட் இன் ஆன் அவர்' சரியா?

பதில் 1
இலக்கணம் சரி. ஆனால் மேலாளர் காதில் 'ஏனோதானோ என்று முடித்தேன்' என்றும் விழலாம். அவருக்கு 'ஐ ஃபினிஷ்ட்' என்றே எழுதுங்கள்.