சொந்தச் செலவில் பங்க், ஈமோ ஆல்பம்: காதில் உறுத்தி நிற்கும் இடங்களைச் சொல்லுங்கள்

(ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர். ஈமோ என்பது உணர்ச்சியைக் கொட்டிப் பாடும் பங்க் வகை.)

கருந்தட்டு

டெஸ்ட் பிரஸ்ஸிங் (மொத்தமாக அச்சிடும் முன் வரும் மாதிரித் தட்டு), ஏ பக்கம், கடைசிப் பாட்டு. ஊசி நடுவிலுள்ள லேபிளை நெருங்க நெருங்க, பாடகர் கத்தும் ஒவ்வொரு 'ஸ'வும் கிழிந்து 'ஷ' ஆகிறது. அதே மிக்ஸ் கணினியில் சுத்தமாக இருக்கிறது.

தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்று ஒரே வேகத்தில்தான் சுற்றுகிறது. ஆனால் உள்வட்டம் சிறியது. வெளி ஓரத்தில் ஒரு வினாடிக்குக் கிடைக்கும் பள்ளத்தின் நீளத்தில் பாதிகூட லேபிள் பக்கம் கிடைக்காது. டிரம்ஸின் சிம்பல், 'ஸ' மாதிரிக் கூர்மையான சத்தமெல்லாம் அந்தச் சின்ன இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும், ஊசியால் பின்தொடர முடியாது. ஈமோ குழுக்களுக்கோ மெதுவாகத் தொடங்கி, ஏழு நிமிடம் ஏறி, கத்தி முடிகிற பாட்டுதான் பக்கத்தின் கடைசியில் வேண்டும். தட்டுக்கு அதுதான் ஆகாத இடம்.

அமைதியான பாட்டைக் கடைசிக்குத் தள்ளுங்கள். 12 அங்குலத் தட்டில் பக்கத்துக்கு 18 நிமிடம் வரை நிம்மதி. 22-ஐத் தாண்டினால் சத்தத்தைக் குறைத்துத்தான் பள்ளத்தை வெட்டுவார்கள். 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் மோனோவாக்குங்கள் (இரண்டு பக்கமும் ஒரே சத்தம்), இடது வலதாகப் பிரிந்த பேஸ் (தாழ்ந்த ஒலி) ஊசியைத் தூக்கி எறியும்.

நாலுதடம்

கருந்தட்டு, 'ஸ' தட்டில் பிறப்பதில்லை. குரலைப் பதியும்போதே பிறந்துவிடுகிறது. கத்துகிற பாடகருக்கு முன்னால் விலை உயர்ந்த கண்டென்சர் மைக்கை வைப்பதும், பிறகு கம்ப்ரஸரில் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கருவி) 10 டெசிபல் நசுக்குவதும்தான் காரணம். நசுக்கும்போது உயிரெழுத்து கீழே இறங்கும், 'ஸ' மேலே வந்து நிற்கும்.

ஷூர் எஸ்எம்58 மைக் போதும். வாய்க்கும் மைக்குக்கும் நாலு விரற்கடை. நேராகப் பிடிக்காமல் சற்றே பக்கவாட்டில் திருப்பிப் பிடிக்க வேண்டும். மைக்கின் தலையைக் கையால் பொத்தக் கூடாது. பொத்தினால் மூக்கால் பாடுவதுபோல் ஆகிவிடும். டி-எஸ்ஸர் ('ஸ'வை மட்டும் அடக்கும் கருவி) போட்டே ஆக வேண்டும் என்றால் கம்ப்ரஸருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இரண்டும் மூன்று மூன்று டெசிபல் மட்டும். ஒரே டி-எஸ்ஸரில் எட்டு டெசிபல் வெட்டினால் பாடகருக்கு நாக்கு தடித்துவிட்டது போலக் கேட்கும்.

அடிமேளம்

எனக்கு உறுத்துவது குரல் அல்ல, ஸ்நேர் டிரம். ஒரு ரஃப் மிக்ஸில் ஸ்நேர் மைக்கைத் தனியாகக் கேட்டால் நெஞ்சில் அடிக்கிறது. ஓவர்ஹெட் மைக்குகளின் (டிரம்ஸுக்கு மேலே நிற்பவை) சத்தத்தை ஏற்றிய நொடியில் அட்டைப்பெட்டியாக மாறுகிறது. மூன்று பேர் ஈக்வலைஸரைத் திருகினார்கள், அசையவில்லை.

காரணம் ஃபேஸ்தான்: ஒரே சத்தம் இரண்டு மைக்குக்கும் வெவ்வேறு நேரத்தில் வந்து மோதுவது. ஒரு ஓவர்ஹெட் ஸ்நேரிலிருந்து 90 செ.மீ., இன்னொன்று 120 செ.மீ. தொலைவு 30 செ.மீ. வித்தியாசப்பட்டால் சத்தம் சுமார் 0.9 மில்லிசெகண்ட் பிந்தி வரும். இரண்டும் மோனோவில் கலந்தால் 570 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் ஒன்றையொன்று அழிக்கும். ஈக்வலைஸரில் எவ்வளவு ஏற்றினாலும் அழிந்தது திரும்பாது.

ஒரு கயிறு எடுத்து, ஸ்நேரின் நடுவிலிருந்து முதல் மைக் வரை அளந்து முடிச்சுப் போடுங்கள். இரண்டாவது மைக்கையும் அதே முடிச்சில் நிறுத்துங்கள். ஸ்நேருக்குக் கீழே மைக் இருந்தால் அதன் போலாரிட்டியை (ஒலி அலையின் மேல், கீழ் திசையை) திருப்பிப் போட்டுப் பாருங்கள். எந்தப் பக்கம் சத்தம் தடிமனாக இருக்கிறதோ அதுதான் சரி. இதையெல்லாம் முதல் டேக்குக்கு (ஒரு முறை வாசித்துப் பதிவது) முன்னால், மோனோவில் கேட்டுச் செய்ய வேண்டும்.

ஆறுகம்பி

கிட்டார் பற்றி யாருமே பேசவில்லையே. இல்லினாய் மாநிலத்து 'அமெரிக்கன் ஃபுட்பால்' என்ற ஈமோ இசைக்குழுவின் 1999 ஆல்பத்துக்குப் பிறகு எஃப்-ஏ-சி-ஜி-சி-ஈ டியூனிங் பரவிவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போகிற குழுக்களின் பதிவில் ஒரே நோய்: வெறும் கம்பியில் இனிமை, கார்டு பிடித்தால் புளிப்பு.

வழக்கமான டியூனிங்கிலிருந்து ஆறாவது கம்பி அரைச் சுரம் ஏறுகிறது, இரண்டாவதும் அரைச் சுரம் ஏறுகிறது, நாலாவது மட்டும் ஒரு முழுச் சுரம் இறங்குகிறது. தளர்ந்த நாலாவது கம்பியை அழுத்திப் பிடித்தால் சுருதி மேலே ஓடும். அந்த ஒரு கம்பியை மட்டும் ஒரு அளவு தடிமனாக மாற்றி, பிரிட்ஜில் இன்டொனேஷனை (கம்பியை எங்கே அழுத்தினாலும் சுருதி பிசகாத அமைப்பு) திரும்பச் சரிசெய்ய வேண்டும். ஒரே டியூனிங்கில் உள்ள பாட்டுகளை ஒரே நாளில் சேர்த்துப் பதியுங்கள். பாட்டுக்குப் பாட்டு மாற்றினால் கழுத்தின் இழுவை மாறிக்கொண்டே இருக்கும், எதுவும் நிலைக்காது. ஒவ்வொரு டேக்குக்கும் நடுவில் டியூனர்.

டேப்பிங் (இரண்டு கை விரலாலும் கம்பியைத் தட்டி வாசிப்பது) பகுதிகளை டபுள் டிராக் செய்யாதீர்கள், அதாவது இரண்டு முறை பதியாதீர்கள். பவர் கார்டு இரண்டு முறை அடித்து இடது வலது வைத்தால் சுவர் மாதிரி நிற்கும். டேப்பிங்கில் இரண்டு கையின் நுணுக்கமும் மோதிக் குழம்பிப் போகும்.

ஒட்டுப்பசை

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் உறை பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். இங்கிலாந்தின் பங்க் குழு பஸ்காக்ஸ் 1977 ஜனவரியில் 500 பவுண்டு கடன் வாங்கித் தங்கள் முதல் ஈ.பி.யை (சில பாட்டுகளே உள்ள சிறு தட்டு) வெளியிட்டபோது, எந்தப் பாட்டு எத்தனையாவது டேக், எத்தனை ஓவர்டப் (மேலே சேர்த்துப் பதிந்தது) என்று உறையிலேயே அச்சிட்டார்கள். வாங்கியவனுக்கு அது ஒரு செய்முறைக் குறிப்பு. வாஷிங்டனில் டிஸ்கார்ட் என்ற சிறு இசை நிறுவனத்து ஆட்கள் 1980-இல் தங்கள் முதல் 7 அங்குலத் தட்டுக்கு உறையைக் கையால் வெட்டி, மடித்து, ஒட்டினார்கள். இன்றைக்கும் அது செய்யக்கூடிய வேலை.

தட்டின் அகலத்தைவிடக் கால் அங்குலம் கூடுதலாக உறை இருக்கட்டும். சுற்றிலும் 3 மி.மீ. ப்ளீட் (வெட்டும்போது போகும் கூடுதல் ஓரம்), படம் 300 டிபிஐ. கறுப்பு நிறைந்த அட்டை மடிப்பில் வெடித்து வெள்ளைக் கோடு தெரியும். அதனால் மையில்லாத பால்பாயின்ட் முனையால் மடிப்புக்கோட்டை முதலில் கீறிவிட்டு மடியுங்கள். வெள்ளைப் பசை அதிகமானால் காகிதம் அலை அலையாக எழும். ஒட்டும் ஓரத்தில் மட்டும் மெல்லிசாக. டெஸ்ட் பிரஸ்ஸிங்கை ஒப்புக்கொள்ளும்வரை உறையை அச்சுக்கு அனுப்பாதீர்கள், பாட்டு வரிசை மாறினால் மொத்தமும் குப்பை.

கேசட் என்றால் நீளமான பக்கம்தான் நாடாவின் அளவைத் தீர்மானிக்கும். 17 நிமிடம், 12 நிமிடம் என்று பிரித்தால் பி பக்கத்தில் ஐந்து நிமிடம் வெறும் இரைச்சல். 15, 14 என்று பிரித்து, பக்கத்துக்கு ஒரு நிமிடம் கூட்டி, சி-32 (மொத்தம் 32 நிமிட நாடா) கேளுங்கள்.

நாலுதடம்

திரும்ப வருகிறேன். கருந்தட்டு சொன்ன 'அமைதியான பாட்டைக் கடைசிக்குத் தள்ளு' என்பதை என்னால் ஏற்க முடியாது. பாட்டு வரிசைதான் ஆல்பம். கத்தி முடிய வேண்டியது கத்தித்தான் முடிய வேண்டும். தட்டுக்காக அதை மாற்றுவதென்றால் ஸ்டுடியோவையும் இசை நிறுவனத்தையும் விட்டு வெளியே வந்ததற்கு அர்த்தமே இல்லை.

கருந்தட்டு

வரிசையைத் தொட வேண்டாம், நீளத்தைக் குறைக்கலாம். பக்கம் 14 நிமிடம் என்றால், பள்ளங்களை வழக்கமான இடைவெளியில் வெட்டினாலே கடைசிப் பாட்டு லேபிளுக்கு வெகு முன்னாலேயே முடிந்துவிடும். ஒரு பங்க் ஆல்பத்துக்கு 28 நிமிடம் தாராளம். ஆனால் கட்டிங் எஞ்சினியரிடம் இதை எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சத்தத்தை ஏற்றி, இடைவெளியை விரித்து, லேபிள் வரை கொண்டுபோய்விடுவார். பக்கத்துக்கு ஒரே 24-பிட் வேவ் ஃபைல், ஒவ்வொரு பாட்டும் தொடங்கும் நிமிடம், வினாடி, எது மிகவும் சத்தமான பாட்டு, உள்வட்டத்தைத் தவிர்க்க வேண்டும் என்ற ஒரு வரி. இவ்வளவும் அந்தத் தாளில் இருக்கட்டும்.

டெஸ்ட் பிரஸ்ஸிங் வந்ததும் இரண்டு பிளேயரிலாவது போடுங்கள். எல்லாப் பிரதியிலும் அதே இடத்தில் 'டிக்' கேட்டால் கோளாறு ஸ்டாம்பரிலோ (தட்டை அழுத்தும் உலோக அச்சு) அதற்கு முந்தைய கட்டத்திலோ இருக்கிறது, திருப்பி அனுப்புங்கள். ஒரு பிரதியில் மட்டும் என்றால் அந்தப் பிரதியோடு போயிற்று.