கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் கணக்குக்கு எஸ்எம்எஸ் ஓடிபி போதுமா?

தென்காசிக்காரன்:
ஆதென்டிகேட்டர் ஆப் (போன்லயே மாறிக்கிட்டே இருக்கிற ஆறு இலக்கக் கோடு காட்டுற ஆப்) போடு, பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலா கைரேகை, போன் லாக் வச்சு உள்ள போற டிஜிட்டல் சாவி) போடுன்னு ஆளாளுக்குச் சொல்றீங்க. 2024 ஜூலையில நம்ம ஊரு எக்ஸ்சேஞ்ச் வஸிர்எக்ஸ்ல 23 கோடி டாலருக்கு மேல போச்சே, யாரோட ஓடிபியைத் திருடினாங்க? கம்பெனியோட மல்டிசிக் வாலட்டையே (பல பேர் ஒப்புதல் சேர்ந்தாத்தான் பணம் நகர்ற வாலட்) காலி பண்ணிட்டாங்க. 2025 பிப்ரவரியில பைபிட் எக்ஸ்சேஞ்ச்ல சுமார் 150 கோடி டாலர் போனதுலயும் நம்ம ஓடிபிக்கு வேலையே இல்ல. எஸ்எம்எஸ்ஸே போதும்.

மலர்விழி:
கம்பெனி வாலட் போறது வேற, உங்க கணக்கு போறது வேற சகோ. 2021 மார்ச்சுல இருந்து மே வரைக்கும் காயின்பேஸ் எக்ஸ்சேஞ்ச்ல குறைஞ்சது 6,000 பேர் பணம் போச்சு. மெயில், பாஸ்வேர்டு, போன் நம்பர் எல்லாம் திருடன் கையில ஏற்கெனவே இருந்துச்சு. மிச்சம் இருந்த ஒரே தடுப்பு எஸ்எம்எஸ் கோடு. கணக்கை மீட்கிற வழியில இருந்த ஓட்டையால அந்தக் கோடும் அவனுக்கே போயிடுச்சு. காயின்பேஸ் பணத்தைத் திருப்பிக் கொடுத்துச்சு. எல்லா எக்ஸ்சேஞ்சும் கொடுக்குமா?

தென்காசிக்காரன்:
திருடன் உங்க நம்பருக்கு டூப்ளிகேட் சிம் வாங்கினாலும், நம்ம நாட்டுல சிம் மாத்தினா 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது. 2024 ஜூலை 1-லேர்ந்து, சிம் மாத்தி 7 நாளைக்கு வேற கம்பெனிக்கு போர்ட்டும் பண்ண முடியாதுன்னு தொலைத்தொடர்பு ஆணையம் டிராய் விதி. ஆனா ஆப் இருக்கிற போன் தொலைஞ்சா கணக்கே திறக்காது. வயசானவங்க என்ன பண்ணுவாங்க?

மலர்விழி:
அந்த 24 மணி நேரம் நல்ல ஏற்பாடுதான். ஆனா திருடன் சிம் வாங்கினதும் உங்க போன்ல சிக்னல் போனதை நீங்க கவனிச்சாத்தான் அது உதவும். போன் தொலையறதுக்கு வழி இருக்கு. ஆப்ல கணக்கைச் சேர்க்கும்போது கியூஆர் கோடு பக்கத்துலயே எழுத்தும் எண்ணுமா ஒரு நீளமான சாவி வரும். அதைப் பேப்பர்ல எழுதி பீரோவுல வைங்க. புது போன்ல அதை டைப் பண்ணினா அதே ஆறு இலக்கம் வரும். ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுக்காதீங்க, கேலரி கிளவுடுக்குப் போயிடும்.

கொங்கு_வேலு:
ஆப்பும் ஃபிஷிங்ல விழும். போலி பேஜ்ல நீங்க போடுற கோடை 30 செகண்டுக்குள்ள அவன் அசல் சைட்ல போட்டுடுவான். பாஸ்கீ அசல் டொமைனுக்கு மட்டும்தான் வேலை செய்யும், போலியில பிரவுசர் அதை நீட்டவே நீட்டாது. ஆனா எஸ்எம்எஸ் ரிகவரியை (எஸ்எம்எஸ் கோடு வச்சே கணக்கை மீட்கிற வழி) ஆன்லயே விட்டா பாஸ்கீ போட்டும் வீண்.

தென்காசிக்காரன்:
ரிகவரி விஷயம் சரிதான், ஒத்துக்கிறேன். 2022 ஜனவரியில கிரிப்டோ.காம் எக்ஸ்சேஞ்ச்ல 483 பேர் கணக்குல இருந்து, அவங்க கோடே போடாம வித்ட்ராவல் போச்சே, அதுக்கு என்ன சொல்றீங்க?

மலர்விழி:
அதுக்கப்புறம்தான் பணம் அனுப்ப புது வாலட் அட்ரஸைச் சேர்த்தா 24 மணி நேரம் கழிச்சுத்தான் முதல் வித்ட்ராவல்னு அவங்க மாத்தினாங்க. உங்க எக்ஸ்சேஞ்ச்ல அந்த செட்டிங் இருக்கான்னு இன்னைக்கே பாருங்க. இல்லைன்னா பெரிய தொகையை அங்க வைக்காதீங்க.