பிறர் விட்ட புகைக்கு சிகரெட் கம்பெனி மீது வழக்குப் போட முடியுமா?

வணக்கம். சட்டம் தெரிந்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

என் அக்கா சிகரெட்டைத் தொட்டதே இல்லை. ஆனால் பல வருடங்களாக, ஜன்னல் திறக்காத ஏசி அறையில் புகைப்பவர்களுக்கு நடுவே வேலை பார்த்தார். வீட்டுக்கு வந்தால் தலைமுடியெல்லாம் அந்த வாடைதான் அடிக்கும். இப்போது சிஓபிடி (மூச்சுக்குழாய் அடைத்துக்கொள்ளும் நாள்பட்ட நுரையீரல் நோய்) என்கிறார்கள்.

முதலாளி மீது வழக்குப் போடுவது தனி விஷயம். நான் கேட்பது சிகரெட் கம்பெனிகளைப் பற்றி. தேடியதில் அமெரிக்காவின் புரோயின் வழக்கு கிடைத்தது. விமானப் பணியாளர்கள் 1991-இல் தொடுத்தது, 1997-இல் சமரசமானது. 30 கோடி டாலர் ஆராய்ச்சி அறக்கட்டளைக்குப் போனது, பாதிக்கப்பட்டவர்கள் கையில் நேரடியாக ஒரு காசும் வரவில்லை (என்ன நியாயமோ!). ஆனால் தனித்தனியாக வழக்குப் போடும் உரிமை மிஞ்சியது. சிஓபிடி போன்ற சில நோய்களைப் பிறர் விட்ட புகை உண்டாக்காது என்று நிரூபிக்கும் சுமையும் கம்பெனிகள் தலையில் விழுந்தது.

சரி, அந்த அறையில் நாலைந்து பிராண்டு புகைந்ததே, எது யாருடைய புகை என்று எப்படிப் பிரிப்பது? எல்லாக் கம்பெனிகளையும் சேர்த்துப் பொறுப்பாக்க முடியுமா? அப்புறம், வழக்குப் போடுவதற்கான காலவரம்பை நோய் தெரிந்த நாளிலிருந்து கணக்கிடுவார்களா? எந்த நாட்டுத் தீர்ப்பானாலும் பரவாயில்லை, தெரிந்தால் கீழே எழுதுங்கள்.