மறு: டிஸ்ட்ரிபியூட்டர் மாறி நிற்பதற்கு என்ன சொல்?

> என்ஜினை இறக்கி ஏற்றிய பிறகு பழைய அம்பாசடர் ஸ்டார்ட் ஆகாமல் கார்புரேட்டர் வழியாக வெடிக்கிறது. இந்தக் கோளாறைக் கலைச்சொல் பட்டியலில் '180 பாகைப் பிறழ்வு' என்று சேர்க்கலாமா?

வணக்கம் ஐயா,

எண்ணை வைத்துச் சொல் கட்ட வேண்டாம். 180 என்பது டிஸ்ட்ரிபியூட்டர் கணக்கு: ஒவ்வொரு சிலிண்டருக்கும் பொறியை (ஸ்பார்க்) பங்கிட்டு அனுப்பும் அந்தக் கருவி அரைச் சுற்று மாறி நிற்கிறது. அது ஒரு சுற்று சுற்றுவதற்குள், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் இரண்டு சுற்று முடித்துவிடும். கிராங்க் கணக்கில் பொறி 360 பாகை தள்ளி விழுகிறது. படிக்கிற பையன் எதை எடுத்துக்கொள்வான்?

முதல் பிஸ்டன் மேலே வருவது இரண்டு முறை: அமுக்க வீச்சின் (ஸ்ட்ரோக்) முடிவில், பொறி விழ வேண்டியது இங்கேதான்; அப்புறம் வெளியேற்ற வீச்சின் முடிவில். புல்லியில் இருக்கும் குறி இரண்டு முறையும் ஒரே இடத்தில்தான் நிற்கும். அதை மட்டும் நம்பி வேலை செய்தால் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் என்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டர் ஒரே வாக்கில்தான் உட்காரும், தப்பு வராது என்பார்கள். அதைச் சுழற்றும், அடியில் இருக்கும் டிரைவ் தண்டையே திருப்பிப் போட்டிருந்தால்? வால்வுகளுக்கு மேலுள்ள ராக்கர் மூடியைக் கழற்றிப் பார்ப்பதே நிச்சயம். நாலாம் சிலிண்டரில் ஒரு வால்வு மூட, மற்றது திறக்கத் தொடங்கும் நேரத்தில் முதல் சிலிண்டர் அமுக்கத்தின் உச்சியில் இருக்கும்.

> 'பொறிச்சுற்று மாற்றம்'?

எலக்ட்ரீஷியன் இதை மின்சுற்று என்றுதான் படிப்பார். பட்டியலில் ஏற்கெனவே உள்ள 'பொறி முந்தல்', 'பொறி பிந்தல்' இரண்டோடும் இதைச் சேர்க்க முடியாது. அவை சில பாகை விலகல். டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பினால் சரியாகும். இதற்குத் தண்டை எடுத்துப் போட வேண்டும். அவசரத்துக்கு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் 1, 4 வயர்களையும் 2, 3 வயர்களையும் இடம் மாற்றினாலும் வண்டி ஓடும். எரிவரிசை, அதாவது சிலிண்டர்களில் பொறி விழும் வரிசை, 1-3-4-2 என்பதால் அவை எதிரெதிராக நிற்கின்றன.

என் பரிந்துரை 'வீச்சுமாறல்'. பொறி வேறு வீச்சில் விழுகிறது, அவ்வளவுதான். 'வீச்சு மாறிக் கிடக்கு' என்று பட்டறையிலும் வாயில் வரும். இயற்பியலில் வீச்சுக்கு வேறு பொருள் உண்டு என்று யாராவது எழுதுவீர்கள். கார் என்ஜினுக்குள் அந்தக் குழப்பம் வராது.

கார்புரேட்டர் வழி வெடிப்பதற்குத் தனிப் பதிவு வேண்டும். பெட்ரோல் குறைந்த கலவையாலும், சரியாக மூடாத உள்வால்வாலும்கூட அது வரும்.