எக்ஸ்பில அப்பாவோட டெஸ்க்டாப் மொத்தமும் காலியா வருது, பார்மட் பண்ணாம மீட்க முடியுமா?

மன்னை அச்சாபீஸ்:

எல்லாருக்கும் வணக்கம். எங்க அப்பா மன்னார்குடில சின்னதா ஒரு அச்சாபீஸ் வெச்சிருக்காங்க, கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கோயில் திருவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர்னு எல்லாம் அங்கதான் கம்போஸ் ஆகும். சிஸ்டம் பழைய பென்டியம் 4, விண்டோஸ் எக்ஸ்பி ஹோம், பக்கம் வடிவமைக்க பேஜ்மேக்கர் 7, தமிழ் எல்லாமே பாமினி ஃபான்ட். நான் அவங்க பொண்ணு, சென்னைல வேலை, ஆடிக்கு வீட்டுக்கு வந்திருக்கேன்.

இப்ப மேட்டூர் தண்ணி வந்து நடவு நேரம், சுத்துப்பட்டுல மோட்டார் எல்லாம் ஓடுறதால வோல்டேஜ் ஏறி ஏறி இறங்குது, கரண்டும் போய்ப் போய் வருது. யூபிஎஸ் பேட்டரி செத்து ரொம்ப நாளாச்சு போல. அப்பா ஷட்டவுன் குடுத்து அது ‘செட்டிங்ஸை சேவ் பண்ணுது’ன்னு ஓடிக்கிட்டு இருக்கும்போதே பட்டுன்னு ஆஃப் ஆயிடுச்சு. மறுநாள் ஆன் பண்ணா, உங்க புரோஃபைலை லோட் பண்ண முடியல, டெம்பரரி புரோஃபைல்ல உள்ள விடுறோம், லாக் ஆஃப் பண்ணா மாத்துனதெல்லாம் போயிடும்னு இங்கிலீஷ்ல ஒரு பாக்ஸ் வந்திருக்கு, அப்பா ஓகே குடுத்துட்டாங்க. உள்ள போனா அந்தப் பச்சை மேடு வால்பேப்பர், டெஸ்க்டாப் காலி, மை டாக்குமென்ட்ஸும் காலி. அப்பா எல்லாத்தையும் டெஸ்க்டாப்லதான் போட்டு வெப்பாங்க, ஊர் ஊரா ஃபோல்டர் போட்டு, பல வருஷத்து வேலை.

அவசரத்துக்கு ஒரு பத்திரிகை புதுசா அடிச்சு அதே டெஸ்க்டாப்ல சேவ் பண்ணிருக்காங்க, மறுபடி ஆன் பண்ணப்ப அதுவும் இல்ல. சர்வீஸ் பண்றவர் வந்து பாத்துட்டு, விண்டோஸ் போயிடுச்சு, சி டிரைவை பார்மட் போட்டு புதுசா ஏத்தணும், டேட்டாவுக்கு கேரண்டி இல்லைங்கறார். ஆவணி முகூர்த்தத்துக்கான பத்திரிகை ஆர்டர் எல்லாம் இந்த மாசம்தான் வரும், அப்பா ராத்திரி தூங்கவே இல்ல. யாராவது வழி சொல்லுங்க ப்ளீஸ்.

குடந்தைக்காரன்:

பார்மட் வேணாம்மா, முதல்ல அவர நிறுத்துங்க. ஃபைல் எங்கயும் போயிருக்காதுன்னுதான் எனக்குத் தோணுது. மை கம்ப்யூட்டர், சி டிரைவ், டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், அதுக்குள்ள அப்பாவோட யூசர் பேர்ல ஃபோல்டர் இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. பக்கத்துலயே டெம்ப்னு ஒன்னு இருக்கலாம், இப்ப நீங்க உக்காந்திருக்கறது அதுலதான். அது லாக் ஆஃப் பண்ணும்போது அழியறதுக்குன்னே இருக்கற ஃபோல்டர், அதனாலதான் அப்பா புதுசா அடிச்ச பத்திரிகை போச்சு. இனிமே அதுல ஒரு எழுத்து கூட சேவ் பண்ண வேணாம்.

திருத்துறைப்பூண்டி நெல்லு:

இது டிஸ்க் எர்ரர் சிஸ்டர். விண்டோஸ்லயே டிஸ்க்கை சோதிச்சு சரி பண்ற செக்டிஸ்க்னு ஒரு கமாண்ட் இருக்கு, அத ஸ்லாஷ் ஆர் சேத்துப் போட்டு விடுங்க, ராத்திரி பூரா ஓடட்டும், காலைல சரியாயிடும். இல்லன்னா சிஸ்டம் ரீஸ்டோர்ல போயி பழைய தேதிக்குத் திருப்பிடுங்க.

வெண்ணாறு:

நெல்லு தம்பி சொல்றது ரெண்டும் உண்மையான வைத்தியம்தான், ஆனா வரிசை தப்பு, தயவுசெஞ்சு இப்ப செக்டிஸ்க் போடாதீங்கம்மா. டிஸ்க் இந்த வயசுல எந்த நிலைமைல இருக்குன்னு நமக்குத் தெரியாது. ஸ்லாஷ் ஆர்ங்கறது டிஸ்க்ல ஒவ்வொரு செக்டரையும் படிச்சுப் பாக்கும், உடையற நிலைல இருக்கற ஹார்ட் டிஸ்க்கை மணிக்கணக்கா அப்படிப் படிக்க வெச்சா அதோட படுத்துடும், பாதி அழிஞ்ச ஃபைலை அது ‘சரி’ பண்றேன்னு வெட்டி வேற போட்டுரும். காப்பி எடுத்து கைல வெச்சுக்கிட்டு அப்புறம் என்ன வேணா ஓட்டிக்கலாம்.

என்ன நடந்திருக்குன்னு சொல்றேன், தெரிஞ்சா பயம் போயிடும். யூசர் ஃபோல்டருக்குள்ள என்டியூசர் டாட் டேட்னு மறைஞ்ச ஃபைல் ஒன்னு இருக்கு, அந்த யூசரோட ரெஜிஸ்ட்ரி மொத்தமும், அதாவது வால்பேப்பர், பிரிண்டர், கீபோர்ட், ஒவ்வொரு சாஃப்ட்வேரோட செட்டிங்கும் அதுக்குள்ளதான். லாக் ஆஃப் ஆகும்போது விண்டோஸ் இத எழுதி மூடும். சரியா அந்த நேரத்துல கரண்ட் போனா ஃபைல் பாதில நின்னுடும், அடுத்த தடவை திறக்க முடியாது, திறக்க முடியலன்னா விண்டோஸ் தற்காலிகமா வேற புரோஃபைலைக் குடுத்து உள்ள விட்டுடும். பட்டா புத்தகம் மழைல நனைஞ்சு போச்சுன்னா நிலம் காணாம போயிடாதில்ல, அதே கதைதான். அப்பாவோட பேஜ்மேக்கர் ஃபைல் எல்லாம் வேற வேற ஃபைல், அந்த ஒரு டேட் ஃபைல் கெட்டதால அதுங்களுக்கு ஒன்னும் ஆகல.

பென் டிரைவ் வாங்கும்போது 32 ஜிபியோ அதுக்குக் கம்மியாவோ வாங்குங்க. 64 ஜிபியும் அதுக்கு மேலயும் வர்றது பெரும்பாலும் எக்ஸ்ஃபேட்ங்கற பார்மட்ல வரும், எக்ஸ்பிக்கு தனியா ஒரு அப்டேட் போடலன்னா அது புரியாது, சொருகுன உடனே பார்மட் பண்ணட்டுமான்னு கேக்கும். பெரிய எக்ஸ்டர்னல் டிஸ்க் எடுத்துட்டுப் போனாலும் 2 டிபிக்கு மேல இருந்தா 32 பிட் எக்ஸ்பிக்கு பெரும்பாலும் தெரியாது.

மன்னை அச்சாபீஸ்:

அண்ணா ரொம்ப நன்றி, அப்பா பேர்ல ஃபோல்டர் இருக்கு! ஆனா கிளிக் பண்ணா ‘ஆக்சஸ் டினைட்’னு வருது, உள்ளயே விட மாட்டேங்குது. ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ் பாத்தா சைஸ் ஜீரோன்னு காட்டுது. எனக்குக் கை காலெல்லாம் நடுங்குது, உள்ள ஒன்னுமே இல்லியா?

வெண்ணாறு:

இருக்கும்மா, கவலப்படாதீங்க. உரிமை இல்லாததால எண்ண முடியல, அதனால ஜீரோன்னு காட்டுது. அப்பா பாஸ்வேர்ட் போட்டப்ப ‘உங்க ஃபைலை பிரைவேட் ஆக்கட்டுமா’ன்னு எக்ஸ்பி கேட்டிருக்கும், ஆமான்னு குடுத்திருப்பாங்க. உங்களுது ஹோம் எடிஷன்ங்கறதால செக்யூரிட்டி டேப் சாதாரணமா தெரியாது, அவசியமானத மட்டும் ஏத்தி விண்டோஸை ஓட்டற சேஃப் மோட்ல மட்டும்தான் வரும்.

ரீஸ்டார்ட் பண்ணி விண்டோஸ் லோகோ வர்றதுக்கு முன்னாடியே எஃப்8 தட்டிக்கிட்டே இருங்க, மெனு வரும், அதுல சேஃப் மோடை எடுங்க. அங்க அட்மினிஸ்ட்ரேட்டர்னு ஒரு அக்கவுன்ட் தெரியும், ஹோம்ல பெரும்பாலும் அதுக்கு பாஸ்வேர்ட் இருக்காது, சும்மா என்டர். அப்பா ஃபோல்டரை ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்ட், ஓனர். அதுல அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ தேர்ந்தெடுத்து, கீழ உள்ள இருக்கற ஃபோல்டருக்கும் சேத்து ஓனரை மாத்துங்கற டிக்கை மறக்காம போடுங்க, அந்த டிக் இல்லன்னா மேல் ஃபோல்டர் மட்டும் திறக்கும், உள்ள திரும்ப அடைச்சிருக்கும். பர்மிஷன் குடுக்கட்டுமான்னு கேட்டா எஸ். அப்புறம் டெஸ்க்டாப், மை டாக்குமென்ட்ஸ், ஃபேவரிட்ஸ் மூணையும் பென் டிரைவுக்கு எடுங்க. அப்படியே சி டிரைவ்ல விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள இருக்கற ஃபான்ட்ஸையும் எடுத்துடுங்க, பார்மட் போட்டிருந்தா பத்திரிகைக்குன்னு அப்பா சேத்து வெச்ச தமிழ் எழுத்துரு எல்லாம் அதோட போயிருக்கும்.

நாகை உப்புக்காத்து:

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும், எங்க கடைல விண்டோஸ் 7, இதே மாதிரி டெம்பரரி புரோஃபைல்னு வருது. இதே வழிதானா?

குடந்தைக்காரன்:

7ல கொஞ்சம் சுலபம் சார். அங்க ஃபோல்டர் யூசர்ஸ்க்குள்ள இருக்கும். முதல்ல உங்க ஃபைல காப்பி எடுத்துக்குங்க. அப்புறம் ரெஜிஸ்ட்ரி எடிட்டர்ல லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்டி, கரன்ட் வெர்ஷன், புரோஃபைல் லிஸ்ட் வரைக்கும் போங்க. எஸ்-1-5-21னு ஆரம்பிக்கற நீளமான பேர் ரெண்டு ஒரே மாதிரி இருந்து, ஒன்னுக்கு மட்டும் கடைசில டாட் பேக்னு இருந்தா, அந்த பேக் இருக்கறதுதான் உங்க நிஜ புரோஃபைல். கிளிக் பண்ணி புரோஃபைல் இமேஜ் பாத் உங்க ஃபோல்டரைக் காட்டுதான்னு உறுதி பண்ணிக்குங்க. புரோஃபைல் லிஸ்ட்டை எக்ஸ்போர்ட் பண்ணி வெச்சுட்டு, பேக் இல்லாததோட பேரை வேற ஏதாவதா மாத்திட்டு, இருக்கறதுல அந்த வால எடுத்துடுங்க. ஸ்டேட், ரெஃப்கவுன்ட் ரெண்டையும் 0 ஆக்கிட்டு ரீஸ்டார்ட். எக்ஸ்பிலயும் சில நேரம் இந்த பேக் இருக்கும், ஆனா என்டியூசரே உடைஞ்சிருந்தா பேர மாத்தி பிரயோஜனம் இல்ல.

மன்னை அச்சாபீஸ்:

வந்துடுச்சு அண்ணா!! எல்லா ஃபோல்டரும் இருக்கு, அப்பா ஒவ்வொன்னா பேர் படிச்சுப் பாத்தாங்க, வடுவூர், நீடாமங்கலம், கூத்தாநல்லூர்னு எல்லாம் இருக்கு. பென் டிரைவ்லயும் என் லேப்டாப்லயும் காப்பி போட்டாச்சு. ஆனா லேப்டாப்ல ஒரு வேர்ட் ஃபைலைத் திறந்தா தமிழே இல்ல, வெறும் இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமா இருக்கு, ஃபைல் கெட்டுப் போச்சா? அப்பாவுக்கு பழையபடி லாகின் பண்ற மாதிரி எப்படி ஆக்குறது?

வெண்ணாறு:

கெடலம்மா. பாமினி யூனிகோட் கிடையாது, இங்கிலீஷ் எழுத்தோட இடத்துல தமிழ் வடிவத்த வெச்சிருக்கற ஃபான்ட், புள்ளிக்கு அரைப்புள்ளி கீதான். எடுத்துட்டு வந்த ஃபான்ட்ல பாமினியை லேப்டாப்ல இன்ஸ்டால் பண்ணுங்க, தமிழ் வந்துடும்.

லாகினுக்கு, சேஃப் மோட்ல அட்மினிஸ்ட்ரேட்டரா போயி புதுசா ஒரு யூசர், அட்மின் உரிமையோட, பேர் பழசு மாதிரி இல்லாம வேற பேர். சாதாரணமா ரீஸ்டார்ட் பண்ணி அதுல ஒரு தடவை உள்ள போங்க, அப்பதான் ஃபோல்டர் உருவாகும். திரும்ப ரீஸ்டார்ட், சேஃப் மோட், அட்மினிஸ்ட்ரேட்டர். வெறும் லாக் ஆஃப் போதாது, சில சமயம் ஆன்டிவைரஸ் அந்த ஃபைலை விடாம பிடிச்சுக்கிட்டு இருக்கும். மறைஞ்ச ஃபைலையும் சிஸ்டம் ஃபைலையும் காட்டுன்னு ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்ல வெச்சுட்டு, பழைய ஃபோல்டர்ல இருக்கறத எல்லாம் புதுசுக்குள்ள காப்பி பண்ணுங்க, மூணே மூணு ஃபைல் தவிர: என்டியூசர் டாட் டேட், என்டியூசர் டாட் டேட் டாட் லாக், என்டியூசர் டாட் ஐஎன்ஐ. இந்த மூணும் புதுசுக்குள்ள போச்சுன்னா உடைஞ்சத திரும்ப உள்ள கொண்டு வந்த மாதிரி. பழைய ஃபோல்டரை அழிக்காதீங்க, ஆவணி சீசன் முடியற வரைக்கும் அப்படியே கிடக்கட்டும்.

தமிழ் கீபோர்ட் சாஃப்ட்வேரையும் பிரிண்டரையும் ஒரு தடவை திரும்ப செட் பண்ண வேண்டி வரலாம். பேஜ்மேக்கர் படம் எங்கன்னு கேட்டா புது இடத்தைக் காட்டுங்க, டெஸ்க்டாப் பாதை மாறிடுச்சுல்ல. இது எல்லாம் நல்லா ஓடுனப்புறம் நெல்லு தம்பி சொன்ன செக்டிஸ்க்க போட்டுப் பாருங்க, பேட் செக்டர்னு, அதாவது டிஸ்க்ல கெட்டுப்போன இடம்னு ஏதாவது காட்டுனா அந்த டிஸ்க்கை மாத்திடுங்க.

திருத்துறைப்பூண்டி நெல்லு:

வெண்ணாறு அண்ணே, காப்பி முதல்லங்கறது புரியுது, இனிமே அப்படியே சொல்றேன். அச்சாபீஸ் சிஸ்டர், அந்த யூபிஎஸ் பேட்டரிய முதல்ல மாத்துங்க, 12 வோல்ட் 7 ஆம்ப் ஹவர் பேட்டரிதான் பெரும்பாலும் இருக்கும், பழசக் கழட்டி எடுத்துட்டுப் போனா அதே அளவு பாத்துக் குடுப்பாங்க. சம்பா நடவுக்கும் இதே வோல்டேஜ்தான் வரப்போகுது.

குடந்தைக்காரன்:

இன்னொன்னும்மா. பேஜ்மேக்கருக்குப் பதிலா அடோபி கொண்டு வந்த இன்டிசைன்ல சிஎஸ்6 வரைக்கும்தான் பேஜ்மேக்கர் ஃபைல் திறக்கும், அதுக்கப்புறம் வந்ததுல திறக்காது. அதனால இந்த எக்ஸ்பிய காப்பாத்தி வெக்கறது அப்பாவோட வேலையக் காப்பாத்தறதுதான். டிஸ்க்2விஹெச்டின்னு ஒரு சின்ன டூல் இருக்கு (இப்ப வர்ற வெர்ஷன் எக்ஸ்பில ஓடாம போகலாம், பழைய வெர்ஷன் வேணும்), மொத்த டிரைவையும் ஒரே ஃபைலா எடுத்துக் குடுக்கும், பின்னாடி புது கம்ப்யூட்டர்ல விர்ச்சுவல் மெஷினா, அதாவது கம்ப்யூட்டருக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி, இதே எக்ஸ்பிய ஓட்டிப் பாக்கலாம். 2014 ஏப்ரல்லயே எக்ஸ்பிக்கு சப்போர்ட் நின்னுடுச்சு, அதனால அந்த சிஸ்டத்துக்கு நெட் மட்டும் குடுக்காதீங்க, பென் டிரைவ்லயே வேலை நடக்கட்டும்.

மன்னை அச்சாபீஸ்:

புது யூசர் போட்டாச்சு, வெண்ணாறு அண்ணா சொன்ன மூணு ஃபைலையும் விட்டுட்டு காப்பி பண்ணோம், கீபோர்ட் மட்டும் திரும்ப செட் பண்ண வேண்டியிருந்துச்சு. நீடாமங்கலத்து பத்திரிகை ஒன்னு பிரிண்ட் எடுத்தாச்சு. பேட்டரிக்கு நாளைக்குப் போறேன். வேலை ஃபோல்டர் எல்லாத்தையும் டி டிரைவுக்கு மாத்திட்டு டெஸ்க்டாப்ல ஷார்ட்கட் மட்டும் வெச்சுக் குடுத்திருக்கேன், அப்பாவுக்கு அதே இடத்துல அதே ஐகான். அந்த டிஸ்க்2விஹெச்டி ஃபைலை எவ்ளோ பெரிய டிஸ்க்ல போடணும்? அப்பாவோடது 80 ஜிபி டிரைவ்.

குடந்தைக்காரன்:

அவ்வளவு வேண்டியதில்ல, டிரைவ்ல எவ்வளவு நிரம்பியிருக்கோ கிட்டத்தட்ட அந்த அளவுதான் ஃபைல் வரும். ஆனா எக்ஸ்டர்னல் டிஸ்க் என்டிஎஃப்எஸ்ங்கற பார்மட்ல இருக்கணும்மா, ஃபேட்32ங்கற பழைய பார்மட்ல 4 ஜிபிக்கு மேல ஒரே ஃபைலா நிக்காது. 500 ஜிபி ஒன்னு இருந்தா தாராளம்.